ஒத்து ஊதும் ஆல்டர்னேட்டர்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு பொய் சொல்ல மாட்டேன். மூணு வாரமா சனி, ஞாயிறு முழுக்க கார் டிக்கிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தேன். தங்கமணி, "உள்ள உக்காந்து தவமா?"ன்னு கேட்டதோட விட்டுட்டாங்க. இது அந்தத் தவத்தைப் பத்தின இடுகை. டெக்னிக்கல் மொக்கை பிடிக்காதவங்க இங்கேயே எஸ்கேப் ஆகிடலாம். ஆனா கார்ல தனியா ஆம்ப்ளிஃபையர் போட்டவங்களும், போடலாமான்னு யோசிக்கிறவங்களும் தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க. உங்க வண்டி எரியாம இருக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.

முதல்ல கதை. என் வண்டி ஒன்பது வருசப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். போன வருசம் ஒரு நல்ல செட், நாலு சேனல் ஆம்ப், டிக்கியில ஒரு சப்-வூஃபர் எல்லாம் வாங்கி மாட்டினேன். சொந்த செலவில் சூனியம்னு நம்ம வலையுலகத்துல சொல்வோமே, அதேதான். அப்பா 1980கள்ல டேப் ரெக்கார்டரை ரேடியோ பக்கத்துல வெச்சுப் பிடிச்ச நாதஸ்வரக் கச்சேரி கேசட் ஏழெட்டு வீட்ல இருந்தது. அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி, பென் டிரைவ்ல போட்டு, அம்மாவை கும்பகோணம் கூட்டிட்டுப் போகும்போது வழியெல்லாம் கேட்டுக்கிட்டே போறதா பிளான். 

பண்ருட்டி தாண்டினதும் போட்டேன். தோடி ஆலாபனை. அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சது. ரெண்டு நிமிஷம் அம்மா ஒண்ணும் பேசலை. அப்புறம் கேட்டாங்க:

"யாருடா அது பின்னாடி? ஒத்துக்காரன் சுருதியை மாத்திக்கிட்டே இருக்கானே."

ஒத்துக்காரர் இல்லை. ஆல்டர்னேட்டர். நான் ஆக்ஸிலேட்டரை மிதிச்சா "ஙொய்ங்ங்"னு மேல ஏறுது, காலை எடுத்தா இறங்குது. சினிமாப் பாட்டு சத்தமா போடும்போது நான் அதைக் கவனிச்சதே இல்லை. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்துற ஒவ்வொரு இடத்துலயும் இது மட்டும் தனியா நின்னு ஊதுது. அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துட்டு, "நிறுத்திடுடா, வீட்டுக்குப் போய் கேட்டுக்கறேன்"ன்னுட்டாங்க. 

ஊர்லேர்ந்து திரும்பினதும் செட் மாட்டின கடைக்குப் போனேன். கடை பேர் வேண்டாம். அண்ணா சாலை பக்கம் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுல நூறு கடை இருக்கு, அதுல ஒண்ணுன்னு வெச்சுக்கங்க. அங்க கிடைச்ச முதல் பதில்: "எல்லா வண்டிலயும் இருக்கும் சார். பாட்டை சத்தமா வெச்சா கேக்காது." இந்த வாக்கியத்தை ஃபிரேம் போட்டு மாட்டலாம். 

கொஞ்சம் அழுத்திக் கேட்டதும், "ஃபில்டர் போட்டா போயிடும்"னு செட்டுக்குப் போற பவர் ஒயர்ல ஒரு டப்பா சொருகினாங்க. 650 ரூபாய். ஒத்து அப்படியே இருந்தது. அடுத்து, "ஆர்.சி.ஏ. ஒயர் லோக்கல் சார், நல்லதா போடுங்க"ன்னாங்க. 1,800 ரூபாய். ஒத்து இன்னும் தெளிவா கேட்டது, அவ்வளவுதான். மூணாவது, ஆர்.சி.ஏ. ஒயருக்கு நடுவுல சொருகுற ஐசொலேட்டர். அதைப் போட்டதும் சத்தம் காணாமப் போச்சு! கடைக்காரர் முகத்துல வெற்றிப் புன்னகை. நானும் கை குலுக்கிட்டு வந்துட்டேன். 

வீட்டுக்கு வந்து அதே தோடியைப் போட்டா தவில் என்னமோ மாதிரி இருக்கு. வலந்தலை கேக்குது, தொப்பிப் பக்கம் குச்சியால அடிக்கிற அடி வெத்தலை டப்பாவைத் தட்டின மாதிரி இருக்கு. அந்த ஐசொலேட்டருக்குள்ள இருக்கறது சுண்டைக்காய் சைஸ் டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு. மலிவான டப்பாவுல அந்த இரும்புக்குள்ள கீழ் ஸ்தாயி முழுசா போகாது. சப்-வூஃபர் வாங்கி டிக்கியை அடைச்சுட்டு, அதுக்குப் போற பாஸை வழியில ஒரு டப்பாவை வெச்சுத் தடுத்திருக்கேன். நம்ம புத்திசாலித்தனம் அப்படி.

இங்கதான் என் கட்சியைச் சொல்லிடறேன். கார் ஆடியோவுல இன்ஜின் சத்தம் கேட்டா ஃபில்டர் வாங்கறது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற வேலை. அந்தச் சத்தம் ஒரு புகார். எங்கேயோ எர்த் சரியில்லைன்னு ஒயரிங் நம்மகிட்ட முறையிடுது. ஃபில்டர் போட்டா புகார் குடுத்தவன் வாயை அடைச்சாச்சு, ஆனா எர்த் அப்படியேதான் இருக்கும்.

சத்தம் எங்கிருந்து வருதுன்னு கொஞ்சம் கணக்குப் பாப்போம். கணக்கு பிடிக்காதவங்க இந்த ஒரு பத்தியைத் தாண்டிடுங்க. ஆல்டர்னேட்டர் உள்ளுக்குள்ள தயாரிக்கிறது மூணு ஃபேஸ் ஏ.சி. கரண்ட். ஆறு டயோடு அதை டி.சி. ஆக்குது. ஆனா அந்த டி.சி. நேர்கோடா இருக்காது, மேல சின்னச் சின்ன அலை இருக்கும். ஐடிலிங்ல இன்ஜின் 800 ஆர்.பி.எம். ஆல்டர்னேட்டர் புல்லி சின்னது, அதனால இரண்டரை மடங்கு வேகத்துல, அதாவது 2000 ஆர்.பி.எம்.ல சுத்துதுன்னு வெச்சுக்கங்க. வினாடிக்கு 33 சொச்சம் சுத்து. பரவலா இருக்கற மாடல்ல உள்ள 6 ஜோடி காந்த துருவம். ஒரு ஜோடிக்கு ஆறு மேடுன்னா, ஒரு சுத்துக்கு 36 மேடு. பெருக்கினா 1200 ஹெர்ட்ஸ். ஹைவேயில 2400 ஆர்.பி.எம். போனா 3600 ஹெர்ட்ஸ். மனுசக் காது ரொம்பக் கூர்மையா கேக்கறது சுமார் 2000லேர்ந்து 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும். நம்ம ஒத்துக்காரர் சரியா அங்க வந்துதான் உக்கார்றார்.

அந்த அலை எல்லா வண்டி பேட்டரியிலயும் இருக்கும். அப்ப ஏன் எல்லா வண்டியிலயும் கேக்கறதில்லை? செட் டேஷ்போர்டுல எர்த் ஆகியிருக்கு. ஆம்ப் டிக்கியில எர்த் ஆகியிருக்கு. ரெண்டு எர்த்தும் ஒரே மட்டத்துல இருந்தா பிரச்சனையே இல்லை. ஆம்ப் பக்கத்து எர்த் சரியா ஒட்டலைன்னா, அங்க கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாம வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறி நிக்கும். தெருச் சாக்கடை அடைச்சா தண்ணி சும்மா நிக்குமா? பக்கத்து வீட்டுத் தாழ்வாரம் வழியா போகும். இங்க பக்கத்து வீடுங்கறது ஆர்.சி.ஏ. ஒயரோட வெளிச்சுத்து. பாட்டு போற ஒயர்லயே சாக்கடையும் போகுது. ஆம்ப் ரெண்டையும் சேர்த்து பெருசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புது. செட்டிலேர்ந்து வர்ற சிக்னல் உச்சத்துல 2 வோல்ட், 4 வோல்ட் இருக்கும். ஆனா மூச்சு வாங்கற இடத்துல சில மில்லி வோல்ட்தான். அங்க பத்து மில்லி வோல்ட் சாக்கடை கலந்தாலும் மணக்கும்.

சரி, கண்டுபிடிக்கறது எப்படி? ரிச்சி தெருவுல சாதா மல்டிமீட்டர் ஒண்ணு, நாலு ஆர்.சி.ஏ. பின், ஆறு மீட்டர் ஒயர் வாங்கினேன். மொத்தச் செலவு அந்த முதல் ஃபில்டர் விலையைவிட அதிகமில்லை. 

முதல்ல ஐசொலேட்டரைக் கழட்டி, புகார்தாரரை மறுபடி பேச விட்டேன். இன்ஜினை ஆஃப் பண்ணி சாவியை மட்டும் ஆன் பண்ணினா சத்தம் இல்லை. இன்ஜின் ஓடினா வருது, ஆக்ஸிலேட்டர் கூடவே ஏறுது. ஆக, ஆல்டர்னேட்டர்தான். (ஊதாம "டிக் டிக் டிக்"னு அடிச்சா அது இக்னிஷன், ஸ்பார்க் பிளக் பக்கம் பாக்கணும். டீசல் வண்டிக்காரங்க அந்தக் கவலையை விட்டுடலாம், உங்களுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது.) அடுத்து வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு போனேன். பாட்டு போச்சு, ஒத்து அதே சத்தத்துல இருக்கு. அப்படின்னா அது வால்யூமுக்கு அப்புறம் உள்ள நுழையுது. 

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை. ரெண்டு ஆர்.சி.ஏ. பின்ல நடு முள்ளையும் வெளிச்சுத்தையும் சால்டர் வெச்சு இணைச்சுட்டேன். ஆம்பை ஆஃப் பண்ணி, செட்டிலேர்ந்து வர்ற ஒயரை உருவிட்டு, அந்த இடத்துல இந்த ஊமைப் பின்னைச் சொருகி ஆன் பண்ணினா நிசப்தம். ஆம்புக்கு நோய் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. பவர் ஒயர் ஃபில்டரும் தண்டம்னு அதே நிமிஷம் தெரிஞ்சுபோச்சு. அந்த 650 ரூபாயை நினைச்சு ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி. (ஆன்ல இருக்கும்போது ஆர்.சி.ஏ.வைச் சொருகவோ உருவவோ செய்யாதீங்க. சில செட்கள்ல அந்த வெளிச்சுத்தோட எர்த் ஒரு மெல்லிசான ஃப்யூஸ் வழியாதான் போகும். அது போச்சுன்னா இதே ஒத்துச் சத்தம் நிரந்தரமா வரும்.)

அப்புறம் பரண்ல கிடந்த பழைய எம்.பி.3 பிளேயரை எடுத்து நேரா ஆம்புல கொடுத்தேன். பேட்டரியில ஓடறது, காரோட எர்த்துக்கும் அதுக்கும் ஒட்டு உறவே இல்லை. சுத்தமா பாடுச்சு. நியாயமா அந்த இடத்துலயே எர்த் லூப்புன்னு முடிவு பண்ணியிருக்கணும். ஆனா "பவர் ஒயரும் ஆர்.சி.ஏ.வும் ஒரே பக்கமா போனா சத்தம் வரும்"னு இணையத்துல படிச்சுப் படிச்சு மண்டையில ஏறியிருந்தது. அதனால ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க கார்பெட்டைக் கிளப்பி, ஆர்.சி.ஏ.வை மறுபக்கம் மாத்திப் போட்டேன். ஒரு முன்னேற்றமும் இல்லை. சீட்டு மேல சும்மா ஒரு ஒயரைப் போட்டு ரெண்டு நிமிஷத்துல சோதிச்சிருக்கலாம். தனித்தனிப் பக்கமா போடறது நல்ல பழக்கம்தான், மறுக்கலை. ஆனா குற்றவாளி பெரும்பாலும் அது இல்லைங்கறது என் கருத்து. எதிர்க்கட்சிக்காரங்க பின்னூட்டத்துல கும்மலாம்.

கடைசியா மீட்டர். இங்க நான் பண்ணின இன்னொரு தப்பைச் சொல்லியே ஆகணும். ஆம்ப் எர்த்தை ஓம்ஸ்ல வெச்சுப் பாத்தேன். 0.2 காட்டிச்சு. மீட்டரோட ரெண்டு முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டா அதுவே 0.2தான் காட்டுது! நல்ல 4 கேஜ் செம்புக் கேபிள் மீட்டருக்கு ஒரு மில்லி ஓம்கூட இருக்காது. அந்தச் சின்ன அளவை சாதா மீட்டர் பாக்கவே முடியாது. அதனால ஓம்ஸ்ல பாத்து "எர்த் ஓகே சார்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வோல்ட்ல வைக்கணும். பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து அந்த ஆறு மீட்டர் ஒயரை டிக்கி வரைக்கும் இழுத்து, மீட்டரோட ஒரு முள் அதுல, இன்னொண்ணு ஆம்போட எர்த் டெர்மினல்ல. இன்ஜினை ஓட விட்டு, பாட்டை சத்தமா வெச்சுப் பாத்தா 0.4 வோல்ட். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம் அது. ஏ.சி. ரேஞ்சுல செட்டோட பாடிக்கும் ஆம்ப் எர்த்துக்கும் நடுவுல 60 மில்லி வோல்ட். (மலிவான மீட்டர் இந்த ஹெர்ட்ஸ்ல சரியான எண்ணைக் காட்டாது. முன்னே பின்னே ஒப்பிட மட்டும் வெச்சுக்கங்க.) பேட்டரி ரெண்டு முனையிலயும் ஏ.சி. ரேஞ்சுல பாத்தேன், சில பத்து மில்லி வோல்ட்தான். அது அரை வோல்ட் பக்கம் காட்டியிருந்தா ஆல்டர்னேட்டர்ல டயோடு போயிருக்குன்னு சந்தேகப்பட்டு எலக்ட்ரீஷியன்கிட்ட போயிருப்பேன்.

ஆம்ப் எர்த் போல்ட்டைக் கழட்டினேன். போல்ட்டே இல்லை, ஒரு தட்டு ஸ்க்ரூ. கீழ பெயிண்ட் புத்தம் புதுசா பளபளன்னு இருக்கு. சுரண்டவே இல்லை. ஸ்க்ரூவோட மரை மட்டும்தான் தகரத்தைத் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. பிளேடால எர்த் ஒயர் இழையைச் சுரண்டினா மேல செம்புக் கலர், உள்ள வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். அதே தடிமன் செம்பைவிட ஒன்றரை மடங்கு தடை. அப்படியே டேஷ்போர்டைப் பிரிச்சா, செட்டோட எர்த் ஒயர் சிகரெட் லைட்டரோட மெல்லிசு ஒயர்ல முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கு. வெயில்ல பசை உருகி டேப் பாதி கழண்டாச்சு.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பவர் ஒயரையும் பாத்துடலாம்னு பானெட்டைத் திறந்து பின்தொடர்ந்து போனேன். பேட்டரியிலேர்ந்து டிக்கி வரைக்கும் போற அந்தத் தடி ஒயர்ல ஃப்யூஸே இல்லை. ஆம்ப் மேல ரெண்டு ஃப்யூஸ் இருக்கு, அதைக் காட்டித்தான் "ஃப்யூஸ் இருக்கு சார்"னு சொல்லியிருக்காங்க. அது ஆம்பைக் காப்பாத்தறதுக்கு. ஒயரைக் காப்பாத்தற ஃப்யூஸ் பேட்டரிகிட்ட, ஒன்றரை அடிக்குள்ள இருக்கணும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகரத்துல ஓட்டை போட்டு ஒயரை நுழைச்சிருந்தாங்க, ரப்பர் புஷ் கிடையாது. ஓட்டையோட விளிம்பு ஒயரோட தோலை ஒரு பக்கமா அறுத்திருந்தது. விரல் வெச்சுப் பாத்தேன், உள்ள இழை தட்டுப்படலை. இன்னும் ஒரு நூல் அளவு தோல் பாக்கி. 

அந்தத் தோலும் போயிருந்தா பேட்டரி நேரா பாடியில ஷார்ட். நூத்துக்கணக்கான ஆம்பியர் பாயும், தடுக்க நடுவுல ஒண்ணும் கிடையாது, ஒயர் போற பாதை முழுக்க கார்பெட்டும் சீட்டுப் பஞ்சும். அந்த வண்டியிலதான் அம்மாவைக் கூட்டிட்டு ஆறு மணி நேரம் போய் வந்திருக்கேன். தரையில உக்காந்துட்டேன் கொஞ்ச நேரம். ஐசொலேட்டர் பாஸைத் தின்னாம இருந்திருந்தா நான் அந்த பானெட்டைத் திறந்தே இருக்க மாட்டேன்.

கடைக்காரரைத் திட்டி ஒரு பத்தி எழுதி வெச்சிருந்தேன். அழிச்சுட்டேன். காரணம் இருக்கு. அன்னிக்கு நான் ஆம்புக்கு பேரம் பேசாம காசு குடுத்தேன். ஃபிட்டிங் சார்ஜ் 1,500 சொன்னதும் 800க்கு அடிச்சேன். ஒழுங்கா செஞ்சா அது ரெண்டு ஆள் முழுநாள் வேலைன்னு இப்பத்தான் தெரியுது. 800 ரூபாய்க்கு ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டு அடுத்த வண்டிக்குப் போனாத்தான் அவங்களுக்குக் கட்டுப்படியாகும். பெயிண்ட் சுரண்ட நேரம் எங்க? நாம டப்பாவுக்குக் காசு குடுப்போம், வேலைக்குக் குடுக்க மாட்டோம். அதனால அவங்களும் எல்லாத்துக்கும் ஒரு டப்பாவை விக்கக் கத்துக்கிட்டாங்க. அதுக்காக ஃப்யூஸ் போடாததை மன்னிக்க முடியாது. பேரம் பேசினா புஷ்ஷையும் ஃப்யூஸையும் விட்டுடுவோம்னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் அந்த 700ஐக் குடுத்திருப்பேன். இதை அவர்கிட்டயே போய் சொன்னேன். "ஃப்யூஸ் போட்டிருக்கணும் சார், தப்புதான்"னு ஒத்துக்கிட்டார். ஃபில்டர் காசு திரும்ப வரலை, நான் கேக்கவும் இல்லை.

சரி பண்ணின கதை சின்னது. முதல்ல பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டி வெச்சேன். டிக்கியில கெட்டியான தகரமா பாத்து, உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி மின்ற வரைக்கும் தேய்ச்சு, சரியான லக், போல்ட்டு, நட்டு, பல் வாஷர் போட்டு இறுக்கி, துரு பிடிக்காம மேல கிரீஸ் தடவினேன். சீட் பெல்ட் போல்ட்டுல மட்டும் எர்த் கொடுக்காதீங்க, அது உயிரைக் காப்பாத்தற போல்ட்டு. ஒயர் நிஜச் செம்பு, பவர் ஒயர் அளவுக்கே தடிமன். செட்டுக்குத் தனியா 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர்ல எர்த். பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து பாடிக்கு வர்ற பட்டையையும் கழட்டித் தேய்ச்சுப் போட்டேன். பவர் ஒயரைப் புதுசா இழுத்து, ரப்பர் புஷ் போட்டு, பேட்டரியிலேர்ந்து ஒரு அடியில ஃப்யூஸ். மறுபடி அளந்தா 0.4 இருந்த இடத்துல 0.03 வோல்ட். ஒத்துக்காரர் ஊருக்குக் கிளம்பிட்டார்.

ஐசொலேட்டரே கூடாதுன்னு சொல்ல வரலை. செல்போனை கார்லயே சார்ஜ் போட்டுக்கிட்டு அதையே ஆக்ஸ் ஒயர்ல பாட வெச்சா வர்ற சத்தம் இருக்கே, அங்க எர்த் வளையம் போனுக்கும் சார்ஜருக்கும் நடுவுல. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க அங்க எதுவும் இல்லை. அதுக்கு ஒரு சின்ன ஐசொலேட்டர் நியாயமான வைத்தியம். ப்ளூடூத்ல கேட்டா அதுவும் வேண்டாம். 

போன வாரம் மறுபடி கும்பகோணம். அதே பண்ருட்டி, அதே தோடி. இப்ப லேசா ஒரு "ஸ்ஸ்ஸ்"னு சத்தம் மட்டும் இருக்கு. ஆக்ஸிலேட்டரை மிதிச்சுப் பாத்தேன், ஏறலை. அது கேசட்டோட சத்தம். இருபதாவது நிமிஷத்துல யாரோ தூரத்துல டம்ளரைக் கீழ வெக்கற சத்தம், அதைத் தொடர்ந்து அப்பா குரல்: "ஷ்ஷ்!" வீட்டு ஸ்பீக்கர்ல எத்தனையோ தடவை கேட்டும் இது என் காதுல விழுந்ததே இல்லை. அம்மா சிரிச்சுட்டாங்க. "நான்தான்டா காபி கொண்டு வந்து வெச்சேன்"ன்னாங்க.

டிஸ்கி: மேல சொன்ன ஒண்ணையும் செய்ய நேரம் இல்லாதவங்க, இன்னிக்கு சாயங்காலம் பானெட்டை மட்டும் திறந்து, ஆம்புக்குப் போற ஒயர்ல பேட்டரிகிட்ட ஃப்யூஸ் இருக்கான்னு பாத்துட்டு வந்து பின்னூட்டம் போடுங்க.